ஒரே விமானம், மூன்றாவது தடவையும் அதே கோளாறு. பயப்பட வேண்டுமா?

ஜன்னல்சீட்டு:
வேலை விஷயமாக மாதம் இரண்டு மூன்று தடவை சென்னையிலிருந்து டெல்லி போகிறேன். ஏறும்போது விமானத்தின் பதிவெழுத்துகளைக் குறித்து வைப்பது என் பழக்கம். ஆறு வாரத்துக்குள் ஒரே ஏர்பஸ் ஏ320 விமானம் மூன்று தடவை வந்து வாய்த்தது. மூன்று தடவையும் ஏசி இல்லாமல் உள்ளே வெந்து போனோம். வெளியே ஒரு வண்டி கேபிள் மாட்டி நின்றது. நிற்கிற இடத்திலேயே ஒரு என்ஜினை ஓட்டிவிட்டுத்தான் பின்னால் தள்ளினார்கள். ஏபியூ வேலை செய்யவில்லை என்று கேப்டன் அறிவித்தார். கடைசி தடவை விமானப் பணிப்பெண்ணிடம் கேட்டேன். “போன வாரமே சரிசெய்தார்கள், மறுபடி வந்துவிட்டது” என்றார். அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிப் போக வேண்டும். இதில் ஏறலாமா?

மேகக்கூட்டம்:
தாராளமாக ஏறலாம். ஏபியூ என்பது வாலில் இருக்கும் குட்டி என்ஜின். தரையில் மின்சாரமும் ஏசியும் தரும், பெரிய என்ஜின்களைக் கிளப்பக் காற்றும் தரும். பறக்கும்போது அந்த வேலைகளை என்ஜின்களே பார்த்துக்கொள்ளும். எது எது பழுதாக இருந்தால் பறக்கலாம், அதை எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று எம்.இ.எல். என்ற பட்டியல் இருக்கிறது. ஏபியூவுக்குப் பொதுவாகப் பத்து நாள்.

ராத்திரி_ஷிஃப்ட்:
மேலே சொன்னது சரிதான். ஆனால் ஜன்னல்சீட்டு கேட்டது வேறு. பத்து நாள் தவணை ஒரு விஷயம், சரிசெய்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகும் அதே கோளாறு திரும்பி வருவது இன்னொரு விஷயம். நாங்கள் இதை ரிப்பீட் ஸ்னாக் என்போம். 22 வருடம் லைன் மெயின்டனன்ஸில், அதாவது பயணங்களுக்கு நடுவில் விமானத்தைச் சோதித்துச் சரிசெய்யும் வேலையில், இருந்தவன் நான். எனக்குத் தூக்கம் கெட்டதெல்லாம் இதனால்தான்.

ஒரு ஏ320-இல் இடது பக்க பிளீட், அதாவது ஏசி போன்றவற்றுக்காக என்ஜினிலிருந்து சூடான காற்றை எடுக்கும் அமைப்பு, அடிக்கடி அளவுக்கு மீறிச் சூடேறித் தானே அணைந்தது. என்ஜினிலிருந்து வரும் காற்று 257 டிகிரியைத் தாண்டி ஒரு நிமிடம் போல நீடித்தால் கம்ப்யூட்டரே வால்வை மூடிவிடும். தரையில் என்ஜினை ஓட்டிப் பார்ப்போம், எல்லாம் ஒழுங்காக இருக்கும். மேலே ஏறும்போது மட்டும் வரும். தெர்மோஸ்டாட்டை மாற்றினோம், குளிர்காற்று வால்வை மாற்றினோம், நான்கு நாளில் திரும்ப வந்தது. கடைசியில் பழைய பதிவுகளை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் படித்த பிறகு, அந்த இரண்டுக்கும் நடுவில் ஓடும் விரல் கனமுள்ள குழாயில் காற்றை ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினோம். ஒரு இணைப்பில் நுரை வந்தது. அவ்வளவுதான் கோளாறு. ஒவ்வொரு ஷிஃப்ட்டும் அன்றைய ஸ்னாக்கை மட்டும் பார்த்ததால் இரண்டு நல்ல பாகங்களைக் கழற்றி வீசியிருந்தோம்.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2014 டிசம்பர் 28-ஐச் சொல்ல வேண்டும். சுரபயாவிலிருந்து சிங்கப்பூர் புறப்பட்ட ஏர்ஏசியா 8501, அதுவும் ஏ320. வேகத்துக்கு ஏற்ப ரடரின் (வாலில் நிமிர்ந்து நிற்கும் திசைதிருப்பும் பலகை) அசைவைக் கட்டுப்படுத்தும் ஒரு யூனிட்டின் சர்க்யூட் போர்டில் சால்டர் பற்றவைப்பு விரிந்திருந்தது. அதற்கு முந்தைய 12 மாதங்களில் அதே கோளாறு 23 தடவை பதிவாகியிருந்தது, போகப்போக இடைவெளியும் குறைந்துகொண்டே வந்தது என்கிறது இந்தோனேசிய விசாரணை அறிக்கை. அன்று வானத்தில் நான்காவது தடவை எச்சரிக்கை வந்த பிறகு, அதோடு சம்பந்தப்பட்ட கம்ப்யூட்டருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கரை இழுத்தார்கள். ஆட்டோபைலட் விலகியது, விமானம் சாய்ந்தது, அப்புறம் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கைகள் தூக்கும் விசையை இழந்து, கடலில் விழுந்தது. 162 பேர். சில நாள் முன்பு தரையில் ஒரு டெக்னீஷியன் அதே பிரேக்கரை இழுத்து ரீசெட் செய்ததை அந்தக் கேப்டன் பார்த்திருந்தார்.

விரிசல் மட்டும் விமானத்தை வீழ்த்தவில்லை, அதன் பிறகு கையாண்ட விதமும் சேர்ந்துதான். ஆனால் 23 தடவையில் ஏதோ ஒரு ராத்திரி யாராவது ‘ரீசெட் போதாது, யூனிட்டைக் கழற்று’ என்றிருந்தால் அந்த 162 பேரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் விமானத்து ஏபியூ அந்த ரகமில்லை. அம்மாவைக் கூட்டிப் போங்கள். வெயிலுக்குக் கையில் ஒரு விசிறி இருக்கட்டும்.

ஜன்னல்சீட்டு:
நன்றி சார். பயணி என்ற முறையில் நான் ஏதாவது செய்ய முடியுமா?

ராத்திரி_ஷிஃப்ட்:
தேதியையும் பதிவெழுத்தையும் போட்டு, மூன்று பயணத்தையும் ஒரே மின்னஞ்சலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். தனித்தனிப் புகாராகப் போனால் ஏசி புகார் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒன்றாகப் போனால் மெயின்டனன்ஸ் கன்ட்ரோலில் யாராவது ஒருவர் பழைய பதிவைத் திறந்து பார்ப்பார். அப்புறம், அடுத்த தடவை பின்படிக்கட்டு வழியாக ஏறினால் கவனியுங்கள். வால் நுனியிலிருந்து காதைத் துளைக்கும் ஊளைச் சத்தம் வந்தால் ஏபியூ ஓடுகிறது.