புதுப்பிப்பு: டம்ளரில் தண்ணீர் நின்றுவிட்டது

ப்ளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் பித்தளை டம்ளருக்குள் தண்ணீர் ஊற்றும் காட்சியைச் செய்தபோது, தண்ணீர் சுவரைத் தாண்டிக் கசிகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது.

காரணம் கட்டங்களின் அளவு. தண்ணீரின் ஓட்டத்தை மென்பொருள் கணக்கிடும் இடமான சிமுலேஷன் பெட்டி 40 செ.மீ.; அதன் பக்கத்தை 64 கட்டங்களாகப் பிரித்திருந்தேன். ஒரு கட்டம் 6.25 மி.மீ. டம்ளர் சுவரோ 2 மி.மீ. தான். கணக்கின் கண்ணுக்கு அந்தச் சுவர் சரியாகத் தெரியவே இல்லை.

முதலில் 128 ஆக்கினேன். மூன்று திசையிலும் இரட்டிப்பதால் கட்டங்கள் 8 மடங்கு. இரவு முழுக்க ஓடியும் கசிவு நிற்கவில்லை, 3 மி.மீ. கட்டமும் அந்தச் சுவருக்குப் பெரிதுதானே. அப்புறம் உங்களில் ஒருவர் சொன்னபடி, டம்ளரின் உள்வடிவம் மாறாமல் வெளிப்பக்கம் மட்டும் 15 மி.மீ. தடித்த நகல் ஒன்றைச் செய்து, ரெண்டரில் (இறுதிப் படத்தில்) தெரியாமல் மறைத்து, அதையே தடுப்பாகக் கொடுத்தேன். 64-லேயே ஒரு சொட்டு வெளியே வரவில்லை! யோசனை சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.

தண்ணீர் எவ்வளவு தெறிக்கும் என்பதை மாற்றும் ஃப்ளிப் விகிதத்தையும் 0.97-இலிருந்து 0.9-க்குக் குறைத்தேன். தெறிப்பு அடங்கி, தண்ணீர் சுழன்று நிறைவது அவ்வளவு அழகு. அடுத்து, ஆற்றிய காபியின் நுரை.