பொருள்: ‘பசுமை விநியோகச் சங்கிலி’யை ‘மாசுகுறை சரக்குத்தொடர்’ என்று சொல்லலாமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

வளரும் நாடுகளின் வேதித்தொழிலில் கொள்முதலும் போக்குவரத்தும் சூழலுக்கு உகந்தவையாக மாறாமல் தடுப்பவை எவை என்று ஆராயும் கட்டுரை ஒன்றைத் தமிழில் சுருக்கி எழுதிவரும் நண்பர், green, supply chain, barrier ஆகிய மூன்றுக்கும் தமிழ்ச் சொற்களைக் கேட்டு இவ்விழையைத் தொடங்கினார். ‘பசுமை’, ‘விநியோகச் சங்கிலி’, ‘தடை’ என்பனவே போதும் என்பது இதுவரை வந்துள்ள பெரும்பான்மைக் கருத்து. நான் வடசென்னையின் தொழிற்பகுதியான மணலியில் நடுத்தர வேதிப்பொருள் ஆலை ஒன்றின் ஸ்டோர்ஸ் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த மூன்று சொற்களையும் ஆலைவாசலில் நிறுத்திப் பார்த்தேன். மூன்றுமே உள்ளே நுழைய மறுக்கின்றன.

முதலில் விநியோகம். தமிழ்நாட்டில் இச்சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது ரேஷன் கடை. பொது விநியோகத் திட்டம் என்று அரசே அதற்குப் பெயரிட்டிருக்கிறது. ஓரிடத்திலிருந்து பலருக்குப் பகிர்ந்து கொடுப்பதுதான் விநியோகம். மணலியில் நடப்பது அதுவன்று. 1969-இல் உற்பத்தியைத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து புரோப்பிலீன் குழாய்வழியாகவே அண்டை ஆலைக்குச் செல்கிறது. சலவைத்தூளுக்கு வேண்டிய மூலப்பொருளைச் செய்பவர்கள் மண்ணெண்ணெயை வாங்கி, அதிலிருந்து தமக்கு வேண்டிய பாரஃபினை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு, மீதியைச் சுத்திகரிப்பு ஆலைக்கே திருப்பி அனுப்புவது உலகெங்கும் அத்தொழிலின் வழக்கம். வாங்கியவரே கொடுத்தவராகவும் இருக்கும் இந்த ஏற்பாட்டை விநியோகம் என்று எப்படிச் சொல்வது?

‘வழங்குதொடர்’ என்று ஒருவர் பரிந்துரைத்திருந்தார். பழந்தமிழில் வழங்குதல் என்பதற்கு நடமாடுதல் என்ற பொருளும் உண்டு என்பதால் எனக்கும் முதலில் அது பிடித்திருந்தது. ஆனால் இன்றைய காதில் வழங்கல் ஒருவழிப் பாதைதான். நம் குடிநீர் வாரியத்தின் முழுப்பெயரைச் சொல்லிப் பாருங்கள்: சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம். வருவதற்கு ஒரு சொல்லும் போவதற்கு இன்னொரு சொல்லும் தேவைப்பட்டிருக்கின்றன. அதே வாரியம் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) வரையில் சுத்திகரித்து மணலி, எண்ணூர்ப் பகுதி ஆலைகளுக்கு 2019 முதல் குழாயில் அனுப்பிவருகிறது. வியாசர்பாடி வீட்டுச் சாக்கடை நீர் மணலியின் குளிர்விப்புக் கோபுரத்துக்கு மூலப்பொருள் ஆகும்போது, அகற்றல் எங்கே முடிந்து வழங்கல் எங்கே தொடங்குகிறது? நண்பரின் கட்டுரை பேசுவது இத்தகைய ஏற்பாடுகளைத்தான் என்பதால், திசையைத் தன்னுள் வைத்திருக்கும் சொல் இங்கே உதவாது.

எனவே ‘சரக்குத்தொடர்’ என்று முன்மொழிகிறேன். சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கட்டும். டாஸ்மாக் கடை இச்சொல்லுக்குச் செய்த கெடுதலை நானும் அறிவேன். ஆனால் சரக்கு லாரி, சரக்கு ரயில், சரக்குப் பெட்டகம் என்பவற்றை எவரும் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை. வரித்துறையும் ‘சரக்கு மற்றும் சேவை வரி’ என்றுதான் எழுதுகிறது. சரக்கு வரும், போகும், தேங்கும், திரும்பும். எல்லாத் திசையும் அதற்கு ஒன்றே. வேதித்தொழிலுக்கு இது பொருந்துவதற்கு இன்னும் ஆழமான காரணமும் உண்டு. சித்தமருத்துவ மரபில் கந்தகம், பாதரசம், துருசு யாவும் சரக்குகளே. இயற்கையில் கிடைப்பதைப் பிறவிச் சரக்கு என்றும், மனிதன் கூட்டிச் செய்வதை வைப்புச் சரக்கு என்றும் அவர்கள் பிரித்தார்கள். அதாவது செயற்கை வேதிப்பொருளுக்கு நம்மிடம் முன்பே இருந்த பெயர் சரக்கு. சங்கிலியைவிடத் தொடர் எனக்கு உவப்பானது. அது வினையாகவும் நிற்கும்.

அடுத்தது பசுமை. மணலியில் இச்சொல்லின் நிலைமை பரிதாபத்துக்குரியது. ஆலையைச் சுற்றி மரம் நடுவது பசுமை வளையம். அதைத் தாண்டி அதற்கு அங்கே பொருள் இல்லை. இதைவிடப் பெரிய சிக்கல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வண்ணப் பட்டியல். 2016-இல் வந்து 2025-இல் திருத்தப்பட்ட வகைப்பாட்டின்படி மாசுக் குறியீடு 60-ம் அதற்கு மேலும் உள்ளவை சிவப்பு. 41 முதல் 59 வரை செம்மஞ்சள். 21 முதல் 40 வரை பச்சை. 20-ம் அதற்குக் கீழும் வெள்ளை. வேதி ஆலைகளில் பெரும்பாலானவை சிவப்பு. ஆலையை நடத்த வாரியம் தரும் அனுமதியான இசைவாணைகளை, அதுவும் சிவப்பு வகையில், இழுவைப்பெட்டி முழுக்க வைத்திருக்கும் ஒருவரிடம் போய் உங்கள் பசுமைச் சங்கிலி எப்படி இருக்கிறது என்று கேட்டால், அவர் தம் ஆலை வேறு வகைக்கு மாற்றப்பட்டுவிட்டதா என்றுதான் முதலில் விசாரிப்பார். 2009-இல் மத்திய வாரியம் நாடெங்கும் 88 தொழிற்பகுதிகளை அளந்து, 70 புள்ளியைத் தாண்டிய 43 இடங்களைக் கடும் மாசுற்றவை என்று அறிவித்தபோது அப்பட்டியலில் இருந்த ஊர் எங்களுடையது. அங்கே பசுமை என்ற சொல்லைக் கூச்சமில்லாமல் எழுத என்னால் இயலவில்லை.

‘மாசறு’ என்றால் அழகாக இருக்கும், ஆனால் பொய். மாசே இல்லாத கரைப்பான் கொள்முதலை நான் கண்டதில்லை. ‘மாசடங்கு’ என்பதை மாசு உள்ளே அடங்கியது என்று படித்துவிடுவார்கள். ‘மாசுகுறை’ என்பதே என் தேர்வு. இது வினைத்தொகை: மாசு குறைந்த, குறைகின்ற, குறையும் தொடர் என்று முக்காலத்தையும் தாங்கும். முழுமையை அடைந்துவிட்டதாக உரிமை கொண்டாடாமல், முன்பைவிடக் குறைவு என்பதை மட்டும் சொல்லும். இடையில் வல்லெழுத்தை மிகுத்து ‘மாசுக்குறை’ என்று எழுதினால் மட்டும் மாசு என்னும் குறை என்று பொருள் புரண்டுவிடும். மெய்ப்பு பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

மூன்றாவதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. தடை என்பது எங்கள் உலகில் அரசு விதிப்பது. தடையாணை, தடையின்மைச் சான்று என்று பழகிய கண்ணுக்கு ‘மாசுகுறை சரக்குத்தொடருக்குத் தடைகள்’ என்ற தலைப்பு, வாரியம் அதைத் தடை செய்துவிட்டது என்றே படும். ‘முட்டுக்கட்டை’ என்று எழுதலாம் என்பது என் கருத்து. ஏன் என்று விளக்க, சரக்கு இறக்கும் தளத்துக்கு உங்களை அழைத்துச் செல்ல வேண்டும்.

கரைப்பான் ஏற்றிய டேங்கர் உள்ளே வந்ததும் ஓட்டுநரிடமிருந்து சாவியை வாங்கி ஸ்டோர்ஸ் மேசையில் வைத்துக்கொள்வோம். நிலத்தொடர்புக் கம்பியைக் கவ்வியால் மாட்டிவிட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுப்போம். “கட்டை போட்டாச்சா?” என்று கேட்டு, ஆம் என்ற பதில் வந்த பிறகே குழாய் மாட்டப்படும். ஒருநாள் இறக்கி முடித்து, சலானில் கையெழுத்திட்டு, சாவியைக் கொடுத்தும் வண்டி நகரவில்லை. ஓட்டுநர் கிளட்சைப் பார்த்தார், பிரேக்குக் காற்றைப் பார்த்தார், என்னையும் ஒருமுறை பார்த்தார். இடப்பக்கக் கட்டைகளை எடுத்த நாங்கள் வலப்பக்கத்தை மறந்திருந்தோம். முட்டுக்கட்டை கெட்ட எண்ணத்தால் வைக்கப்படுவதன்று. ஒரு விபத்தைத் தடுப்பதற்காக யாரோ பொறுப்போடு வைத்தது, வேளை வந்தும் எடுக்கப்படாமல் கிடப்பதுதான்.

கட்டுரை பட்டியலிடும் காரணிகளை இந்தக் கண்ணால் பாருங்கள். நாங்கள் 200 லிட்டர் பேரல்களில் அனுப்பிய சரக்குக்கு, காலி பேரலைத் திரும்பப் பெற்று, கழுவி, மீண்டும் நிரப்பித் தரலாம் என்று ஒரு வாடிக்கையாளரிடம் கேட்டோம். அவர்களுடைய தரப்பிரிவு மறுத்தது. முன்பொருமுறை வேறெவரோ அனுப்பிய பழைய பேரலில் சரக்கு மஞ்சளாகிவிட்டதாம்; அவர்கள் அச்சம் நியாயமானது. வேதிப்பொருள் படிந்த காலி பேரல் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் 33.1 என்ற எண்ணில் அபாயகரமான கழிவாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. கழிவாக அது வெளியேறினால் அதன் பயணத்தைப் பதியும் படிவம் 10 அதனுடன் செல்ல வேண்டும். ஏழு படிகள், ஏழு நிறங்கள். பெற்றவர் கையெழுத்திட்ட நீலப்படி அனுப்பியவரிடம் வந்து சேரும்வரை அவருக்குத் தூக்கமில்லை. இவ்விதியையும் குறை சொல்ல மாட்டேன். விதி இல்லாவிட்டால் அந்தக் காலி பேரல் எங்கே போகும் என்பது, அதில் தண்டையார்ப்பேட்டை, காசிமேட்டு வீடுகளின் வாசலில் தண்ணீர் பிடித்து வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பேரல் கழுவும் சிறுதொழில் நடத்துபவருக்கோ கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இல்லாததால் இசைவாணை இல்லை. இசைவாணை இல்லாததால் வங்கிக்கடன் இல்லை. கடன் இல்லாததால் சுத்திகரிப்பு இல்லை. இவை ஒவ்வொன்றும் எவரோ ஒருவரின் காப்பு. எல்லாம் சேர்ந்தபோது பேரல் திரும்பவில்லை.

இன்னொன்றும் உண்டு. நீர்ச்சட்டம் 1974-ம் காற்றுச்சட்டம் 1981-ம் தரும் இசைவாணை ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனி. அது சுற்றுச்சுவரோடு முடிகிறது. சரக்குத்தொடர் இருப்பதோ இரண்டு சுவர்களுக்கு நடுவே.

மணலி புதுநகரிலிருந்து,
ஓய்வுபெற்ற ஸ்டோர்ஸ்காரன்

மறுமொழி 1

ஐயா, வணக்கம். சரக்குத்தொடரை ஏற்கிறேன்; பிறவிச் சரக்கும் வைப்புச் சரக்கும் என் தயக்கத்தைப் போக்கிவிட்டன. பசுமையில் உடன்பட இயலவில்லை. பசுமை வேதியியல் என்பது பாடநூல்களில் நிலைபெற்றுவிட்ட துறைப்பெயர்; மாணவர்கள் இரண்டையும் இணைத்துப் பார்க்க வேண்டாமா? முட்டுக்கட்டையும் நாளிதழ்களில் ‘எதிர்க்கட்சி முட்டுக்கட்டை’ என்று வந்து வந்து பழிச்சொல்லாகிவிட்டது. தரப்பிரிவு அலுவலர் ஒருவரைப் பேட்டி கண்டு, அவர் சொன்னதை முட்டுக்கட்டை என்ற தலைப்பில் அச்சிட்டால் அவர் அடுத்த முறை வாய் திறக்கமாட்டார். ‘தடைக்காரணி’ என்றால், மாற்றத்தைத் தூண்டுவதைக் குறிக்கும் ‘உந்துகாரணி’க்கு இணையாகவும் நிற்கும். திருவொற்றியூரில் கல்லூரி மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்.

மறுமொழி 2

அம்மா, பேட்டி தருபவரைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுப்பில்லை. அட்டவணைக்கும் ஆய்வேட்டுக்கும் தடைக்காரணியே இருக்கட்டும். தனிச் சொல்லாக நிற்கும் தடை அரசாணையை நினைவூட்டுகிறது; காரணியோடு சேர்ந்தால் நினைவூட்டவில்லை. முட்டுக்கட்டையை விளக்கவுரைக்கு மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எந்தக் காரணி எதைத் தாங்கி நிற்கிறது என்று வல்லுநர்களிடம் கேட்டு இவ்வாய்வுகள் படிநிலை அடுக்குவார்கள் அல்லவா, அவ்விடத்தில் ‘இதை எடுக்காமல் அதை எடுக்க இயலாது’ என்பதைக் கட்டையை வைத்து விளக்கினால் மணலியில் எவருக்கும் புரியும்.

பசுமை வேதியியலை நான் தொடவில்லை. அது வினையைத் திட்டமிடும்போதே நச்சைத் தவிர்க்கப் பார்க்கும் துறை. அதற்குத் துறைப்பெயர் பொருந்தும். லாரியும் பேரலும் சலானும் உள்ள இடத்துக்கு மாசுகுறை போதும்.

இழையைத் தொடங்கிய நண்பர் கேட்டிருந்த சோதனை வாக்கியத்தை இவ்வாறு எழுதிப் பார்த்தேன்: ‘சிறு ஆலைகளில் மாசுகுறை சரக்குத்தொடருக்கு உள்ள தடைக்காரணிகளுள், காலிக்கலன்களைக் கழுவித் தர இசைவாணை பெற்ற நிலையங்கள் அருகில் இல்லாமை முதன்மையானது.’ இதை எங்கள் பழைய ஓட்டுநர் ஒருவருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். தடைக்காரணியைத் தவிர மற்றவை புரிந்தன என்றார். காலிக்கலன் எதற்கு, காலி பேரல் என்று எழுதக்கூடாதா என்றும் கேட்டார், மாற்றிவிட்டேன்.