மறு: கம்பேரட்டிவ் அட்ஜெக்டிவ் – 'உறழடை' என்று வைத்துக்கொள்ளலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் 'பிக்கர்' போல ஒன்று மற்றதை விஞ்சுவதைச் சொல்லும் அடையைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு, இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: ஒப்பீட்டுப் பெயரடை, உயர்படிப் பெயரடை, மிகையடை. மூன்றையும் ஒதுக்கிவிட்டு 'உறழடை' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மொரீஷியஸில் தமிழ் கற்பிக்கும் எனக்கு இந்தச் சொல் அன்றாடம் வகுப்பில் தேவைப்படுகிறது.

> ஒப்பீட்டுப் பெயரடை எல்லாருக்கும் புரிகிறதே, புரிகிற சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

இப்படிக் கேட்ட டர்பன் அம்மாவுக்கு: புரிகிறது என்பது உண்மைதான் அம்மா. ஆனால் அது வேண்டியதைவிட அதிகமாக அள்ளிக்கொள்கிறது. 'ஆஸ் பிக் எ ஹவுஸ் ஆஸ் மைன்' (என் வீட்டளவு பெரிய வீடு) என்பதும் ஒப்பீடு. 'எ பிக்கர் ஹவுஸ் தேன் மைன்' (என் வீட்டைவிடப் பெரிய வீடு) என்பதும் ஒப்பீடு. முதலாவது இரண்டும் சமம் என்கிறது, மற்றது ஒன்று மிஞ்சுகிறது என்கிறது. நமக்குப் பெயர் வேண்டியது இரண்டாவதற்கு மட்டும். ஒப்பீடு என்பதை இரண்டுக்கும் பொதுப்பெயராக வைத்துக்கொள்வோம்.

உயர்படி என்பதில் 'லெஸ் எக்ஸ்பென்சிவ்' அடங்காது. 'ஸ்மாலர்' என்பதைச் சிறுமையில் ஒரு படி கூடியது என்று சமாளிக்கலாம். 'லெஸ்' வந்தால் படி இறங்கத்தான் செய்கிறது. மிகை என்றால் தமிழில் வேண்டியதற்கு மேற்பட்டது. அது 'டூ பிக்' போன்றவற்றுக்குத்தான் பொருந்தும்.

இனி உறழ். இது நானாகக் கட்டிய வேர் இல்லை. தொல்காப்பியர் 'இன்' உருபு ஏற்கும் ஐந்தாம் வேற்றுமையை 'இதனின் இற்று இது' (இதைப்போல அல்லது இதைவிட இது இத்தன்மையது) என்று வரையறுத்துவிட்டு, அடுத்த நூற்பாவில் எந்தெந்தப் பண்புகள் அதில் வரும் என்று ஒரு பட்டியலே தருகிறார்: வண்ணம், வடிவு, அளவு, சுவை, நன்மை, தீமை, சிறுமை, பெருமை, வன்மை, மென்மை, முதுமை, இளமை, இன்னும் பல. ஆங்கிலத்தில் 'பெட்டர்', 'வொர்ஸ்', 'ஸ்மாலர்', 'பிக்கர்', 'ஓல்டர்', 'யங்கர்' என்று ஆகிற பண்புகளெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கூடுதல் குறைவு சொல்லத்தக்க இத்தனை பண்புகளை இப்படி ஒரே இடத்தில் தொகுத்து வைத்திருப்பது எனக்கு ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வியப்பாக இருக்கிறது. உரையாசிரியர்கள் இந்த ஒப்பை உவமப்பொரு, உறழ்பொரு என்று இரண்டாகப் பிரித்தார்கள். இது அது போன்றது என்றால் உவமப்பொரு. இது அதனை விஞ்சியது என்றால் உறழ்பொரு. நாம் தேடுகிற வேறுபாடு இதுவேதான்.

> தொல்காப்பியத்திலேயே 'உறழ' உவம உருபாகவும் வருகிறதே? புணர்ச்சியில் உறழ்ச்சி என்றால் வேறு பொருள் ஆயிற்றே?

மோக்கா ஊரிலிருந்து எழுதும் ஐயா (மோக்கா ஐயா) எழுப்பிய இந்தத் தடை வலுவானது. செயலை ஒப்பிட வரும் வினையுவம உருபுகள் எட்டில் 'உறழ' ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை. புணர்ச்சியில் இரண்டு வடிவமும் வரலாம் என்பதையே உறழ்ச்சி என்கிறோம். ஆனால் ஐயா, தனிச்சொல்லுக்குப் பல பொருள் இருந்தாலும், உவமப்பொருவுக்கு எதிரே உறழ்பொரு என்று நிறுத்தியபோதே உரையாசிரியர்கள் அதன் பொருளை இறுக்கிவிட்டார்கள். கலைச்சொல்லுக்கு அந்த இறுக்கம் போதும். புணர்ச்சி இலக்கணமும் ஆங்கிலப் பெயர்த்தொடரும் ஒரே பக்கத்தில் வந்து மாணவரைக் குழப்பப்போவதுமில்லை.

'பெயரடை' என்று நீட்டாமல் 'அடை' என்று நிறுத்தியதற்கும் காரணம் உண்டு. 'மை ஹவுஸ் இஸ் பிக்கர்', 'எ பிக்கர் ஹவுஸ்' இரண்டிலும் ஆங்கிலம் ஒரே வடிவத்தை வைத்துக்கொள்கிறது. தமிழில் வீடு பெரிது, பெரிய வீடு என்று வடிவமே மாறுகிறது. முன்னது பயனிலை, பின்னது அடை. நாம் பேசிக்கொண்டிருப்பது பெயர்த்தொடருக்குள் இருப்பதைப் பற்றி. ஆகவே உள்ளே இருந்தால் உறழடை, வாக்கியத்தை முடித்து வைத்தால் உறழ்பயனிலை.

இப்போது எனக்கு முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் 'தேன்' (விட) என்று தொடங்கும் பகுதிக்கு இந்த இழையில் யாரும் பெயர் வைக்கவில்லை. அதற்குப் பெயர் இல்லாமல் உறழடையை விளக்கவே முடியாது. நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நான்கு பொருள் சொல்கிறது. அதிலிருந்து எல்லையை எடுத்து, 'தேன் மைன்' என்பதை உறழெல்லை என்று சொல்லலாம். எதைத் தாண்டுகிறோமோ அது எல்லை.

எழுத்துத் தமிழில் உறழெல்லை முன்னால் வரும்: 'என் வீட்டைவிடப் பெரிய வீடு.' அடையின் வடிவம் மாறுவதே இல்லை. விஞ்சுகிற பொருள் முழுவதையும் 'விட' சுமக்கிறது. ஆங்கிலத்தில் அடையின் வடிவமும் மாறும், எல்லை இரண்டு இடங்களில் நிற்கவும் நிற்கும். 'எ ஹவுஸ் பிக்கர் தேன் மைன்' என்றால் அடையும் எல்லையும் சேர்ந்தே பெயருக்குப் பின்னால் போகின்றன. 'எ பிக்கர் ஹவுஸ் தேன் மைன்' என்றால் அடை பெயருக்கு முன்னே, எல்லை பின்னே, நடுவில் பெயர். முதலாவதை ஒட்டிய உறழெல்லை என்றும் இரண்டாவதைப் பிரிந்த உறழெல்லை என்றும் சொல்லிப் பார்க்கிறேன்.

இது வெறும் வரிசை மாற்றம் இல்லை. 1973இல் மொழியியலாளர் ஜோன் பிரெஸ்னன் ஒரு வேறுபாட்டைக் காட்டினார். 'ஐ ஹேவ் நெவர் சீன் எ மேன் டாலர் தேன் மை மதர்' என்று ஒருவர் சொன்னால் குறையேதும் இல்லை: அம்மாவைவிட உயரமான ஆண்பிள்ளையை அவர் பார்த்ததில்லை. அதையே 'எ டாலர் மேன் தேன் மை மதர்' என்று மாற்றினால், அம்மாவும் ஓர் ஆண்பிள்ளை என்பது போல ஆகிவிடுகிறது. எல்லை பிரிந்து நின்றால், எல்லையாக வருவதும் அந்தப் பெயரின் இனத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். வேறு நிறத் தாமரையும் இருப்பதால் செந்தாமரைக்கு இனமுள்ள அடை, வேறு ஞாயிறு இல்லாததால் செஞ்ஞாயிற்றுக்கு இனமில்லா அடை என்று படித்த நமக்கு இதை விளக்க வேறு கருவி தேவையே இல்லை. தமிழில் 'அம்மாவைவிட உயரமான ஆண்' என்ற ஒரே வரிசை இருப்பதால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. பெயர் வைத்துச் சுட்டினால்தான் தெரியும்.

மொரீஷியஸ் பிள்ளைகளுக்கு இது நேர் எதிராக வருகிறது. வீட்டில் கிரியோல் (பிரெஞ்சு வழிவந்த தீவின் பேச்சுமொழி) பேசி வளர்கிற பிள்ளைக்கு 'பிலி கிரான் லகாஸ் கி நு லகாஸ்' (எங்கள் வீட்டைவிடப் பெரிய வீடு) பழகிய வரிசை. அடை, பெயர், பிறகு எல்லை. ஆங்கில வரிசை அதற்கு எளிது. தமிழ் வகுப்பில்தான் தடுமாற்றம். ஒரு பிள்ளை நோட்டில் இப்படி எழுதியிருந்தது: 'மாமா ஒரு அதிகப் பெரிய வீடு கட்டினார் எங்கள் வீட்டைவிட.' 'பிலி' என்பதற்கு 'அதிக' போட்டு, 'கி' வருகிற இடத்தில் எல்லையைக் கொண்டுபோய் வைத்திருக்கிறது. பேச்சில் இப்படிப் பின்னால் இழுத்துச் சொல்வதுண்டு, எழுத்தில் இடறும். எழுதியதைக் கோடிட்டு அடித்துத் திருத்துவதை விட, 'உறழெல்லையை முன்னே கொண்டு வா, அடையை அப்படியே விடு' என்று சொன்னால் பிள்ளை தானே மாற்றி எழுதிவிடும். சொல் வேண்டும் என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான்.

எல்லை வெளியே தெரியாத தொடர்களும் உண்டு. இந்தத் தீவில் எல்லா வீட்டிலும் புழங்குவது 'ஹையர் ஸ்கூல் சர்டிபிகேட்' என்ற பள்ளி இறுதிச் சான்றிதழின் பெயர். எதைவிட 'ஹையர்'? அதற்கு முந்திய ஸ்கூல் சர்டிபிகேட்டை விட. எல்லை மறைந்திருக்கிறது, தேடினால் கிடைக்கும். இங்குள்ள மலைகளில் லெ பூஸ் 812 மீட்டர், பீட்டர் போத் 820 மீட்டர். இரண்டையும் பற்றிப் பேசும்போது பீட்டர் போத்தை 'தி ஹையர் மவுண்டன்' என்றாலும் அப்படியே, மற்ற மலை எல்லையாக மறைந்து நிற்கிறது. ஆனால் 'ஆன் ஓல்டர் மேன்' என்பதில் தேடினாலும் கிடைக்காது. பெரும்பாலும் அவர் 'ஆன் ஓல்ட் மேன்' என்பவரைவிட இளையவர்கூட! தமிழில் 'சற்று வயதானவர்' என்போம். முன்னதை மறைந்த உறழெல்லை என்றும் பின்னதை எல்லையிலா உறழடை என்றும் பிரிக்கலாம்.

'மோர் எக்ஸ்பீரியன்ஸ்டு டீச்சர்ஸ்' பற்றிக் கேட்டிருந்த ரெயூனியன் நண்பருக்கு: 'மோர்' அனுபவத்தோடு சேர்ந்தால் அது உறழடையின் உறுப்பு, அதிக அனுபவமுள்ள ஆசிரியர்கள் என்று பொருள். ஆசிரியர்களோடு சேர்ந்தால் எண்ணிக்கை, அனுபவமுள்ள ஆசிரியர்கள் இன்னும் பலர் என்று பொருள். எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் சூழலை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. 'நோ பிக்கர் எ ஹவுஸ்' என்று வரும்போது உறழடை 'எ' என்பதையும் தாண்டி முன்னே போய் நிற்கிறது. 'டூ பிக் எ ஹவுஸ்', 'ஆஸ் பிக் எ ஹவுஸ்' இரண்டிலும் இதே தாவல்தான். இதற்கு 'முந்தடை' என்று எழுதிப் பார்த்தேன். முன்னால் வருகிற எல்லா அடைக்கும் அது பொருந்திவிடும் என்று தோன்றியதால் நிறுத்தி வைத்திருக்கிறேன். இதைவிடக் கச்சிதமான சொல் யாருக்காவது தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள். மோக்கா ஐயா, உங்கள் கருத்தைத்தான் முதலில் எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு தமிழாசிரியர்