புதுப்பிப்பு: ஒரு ஏக்கரில் நாலு பேர் சாப்பாடு, என்ன ஆச்சு?

போன ஆடியில் கேட்டிருந்தேன்: சென்னை வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்தாச்சு, கிணத்தோட ஒரு ஏக்கர், வீட்டில் நாலு பேர், கடையை நம்பாம சாப்பிட முடியுமான்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது ஒரு அண்ணன் சொன்னதுதான்: "விக்கிறதை அப்புறம் பாருங்க, முதல்ல உலைக்கு எவ்வளவு வேணும்னு கணக்குப் போடுங்க." மாசம் 30 கிலோ அரிசி, வருஷத்துக்கு 360. அதுக்கு 600 கிலோ நெல் வேணும். அரை ஏக்கரில் ஆத்தூர் கிச்சிலிச் சம்பாங்கிற பாரம்பரிய நெல். புரட்டாசியில் விதைச்சு தை கடைசியில் அறுத்தோம், 75 கிலோ மூட்டை ஒன்பது. வரப்பில் உளுந்து. மீதி இடத்தில் நிலக்கடலை, கத்தரி, முருங்கை.

எதிர்பாராதது வண்டு. முழு உளுந்து மேல பொட்டுப் பொட்டா வெள்ளை முட்டை, ஒரே மாசத்தில் ஓட்டை. நல்லதைப் பொறுக்கி வெயிலில் காயவெச்சு, அம்மா திருகையில் உடைச்சுப் பருப்பாக்கினாங்க. அதில் வண்டு வரலை. விதைக்கு மட்டும் சாம்பல் கலந்து பானையில் வெச்சிருக்கோம்.

உப்பு, சர்க்கரை, பள்ளிக்கூடச் செலவுக்கு இன்னும் காசு வேணும், பால் வித்துச் சமாளிக்கிறோம். கையிருப்பு குறைவுதான். ஆனா புது நெல் அவியும்போது தெருமுனை வரை வாசம் வந்தது. அன்னைக்கு ராத்திரி, பல வருஷத்துக்கு அப்புறம், படுத்ததும் தூங்கிட்டேன். மனசு நிறைஞ்சிருக்கு.