பீலித் தண்ணீர்த் திட்டத்துக்கு அறக்கட்டளை மானியம்: மரண சகாய சங்கத்தின் பெயரில் போடலாமா?

மேட்டுலயம்:

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவு. மூன்று லயம் (வரிசை வீடுகள்), 42 குடும்பம், 190 பேர். குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் ஒரே பீலிதான் (ஊற்றுத் தண்ணீர் விழும் இடம்). லயத்துக்கு மேலே 60 மீற்றர் உயரத்தில் இன்னொரு ஊற்று சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து குழாய் போட்டு, தாங்கி வைத்து, லயத்துக்கு இரண்டு பைப் என்று ஆறு பைப் (திறந்து பூட்டும் குழாய்வாய்) வைக்க யோசனை.

ஒரு பிராந்திய சமூக அறக்கட்டளை 750,000 ரூபா வரை சிறுமானியம் கொடுக்கிறது. கடைசி நாளுக்கு இன்னும் ஐந்து வாரம். எங்களிடம் இருப்பது பிரதேச செயலகத்தில் பதிந்த மரண சகாய சங்கம் ஒன்றுதான். அதன் பெயரில் போடலாமா? துரையிடம் (தோட்ட முகாமையாளர்) ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதம் வாங்கியிருக்கிறோம், அது போதுமா? எங்கள் பங்கு 20 வீதம் என்கிறார்கள், சிரமதானத்தை அதில் சேர்க்கலாமா?

கணக்குப்பிள்ளை:

போடலாம், யாப்பு (சங்கத்தின் விதிக்கோவை) இடம் கொடுத்தால். யாப்பில் ‘நோக்கங்கள்’ பகுதியை எடுத்துப் பாருங்க. மரண வீட்டுக்கு உதவுவது மட்டும் எழுதியிருந்தால், தண்ணீர்த் திட்டத்துக்குப் பணம் கேட்க அந்தச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. பொதுக்கூட்டம் கூட்டி, ‘அங்கத்தவர்களின் குடிநீர், சுகாதாரம், கல்வி மேம்பாடு’ என்று ஒரு வரி சேர்த்து, திருத்திய யாப்பைப் பிரதேச செயலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கணும். யாப்புத் திருத்தத்துக்கு எத்தனை நாள் முன்னறிவித்தல், எத்தனை பேர் வரணும் என்பது அந்த யாப்பிலேயே இருக்கும். 14 நாள் என்றிருந்தால் உங்கள் ஐந்து வாரத்தில் இரண்டு அதிலேயே போய்விடும். ஆகவே அறிவித்தலை நாளைக்கே பெரட்டுக் களத்தில் (காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் இடம்) ஒட்டுங்க.

அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் வேண்டும்: எந்த அறக்கட்டளையிடம், எவ்வளவு, யார் யார் கையொப்பமிடலாம் என்று. கூட்டக் குறிப்பில் வந்தவர்களின் கையொப்பப் பட்டியல் இல்லாவிட்டால் அந்தத் தீர்மானத்தை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது பெயரில். பதிவுச் சான்றிதழ் சிங்களத்தில், வங்கிப் புத்தகம் ஆங்கிலத்தில், ரப்பர் முத்திரை தமிழில். மூன்றிலும் தோட்டப் பெயருக்கு மூன்று எழுத்துக்கூட்டல். மானியம் கிடைத்த பிறகு காசோலை திரும்பி வருவது இதனால்தான். வங்கிப் புத்தகத்தில் இருக்கிற எழுத்துக்களை அப்படியே பார்த்து விண்ணப்பத்தில் எழுதுங்க. மரண சகாயப் பணம் இருக்கும் கணக்கில் மானியத்தைப் போடவும் வேண்டாம். அதே சங்கத்தின் பெயரில் இரண்டாவது கணக்கு ஒன்றை இருவர் கையொப்பத்தோடு திறந்தால், ஆண்டுக் கணக்கில் பிரித்துக் காட்டும் தலையிடி இல்லை.

யாப்புத் திருத்தம் நேரத்துக்கு முடியாது போலிருந்தால், 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிந்த தன்னார்வ அமைப்பு ஒன்றை முன்னிறுத்தி, அவர்களோடு எழுத்து ஒப்பந்தம் போட்டு விண்ணப்பிக்கலாம். நிர்வாகச் செலவு என்று ஒரு பங்கு கேட்பார்கள். அதைப் பாதீட்டில் வெளிப்படையாகக் காட்டுங்க. ஒளித்து வைத்தால் பிறகு சண்டைதான்.

ஊற்றுக்கண்:

துரையின் கடிதம் பற்றி. வெறும் ‘ஆட்சேபனை இல்லை’ போதாது. நிலம் அரசுடையது, கம்பனி குத்தகைக்காரர், துரை கம்பனியின் ஆள். அவர் மாற்றலாகிப் போனதும் புதியவர் வந்து, என் மலையில் (தேயிலைத் துண்டில்) யார் கான் (வாய்க்கால்) வெட்டச் சொன்னது என்று கேட்டால் அந்தக் கடிதம் வாய் திறக்காது. ஊற்று எந்த இலக்க மலையில், குழாய் எந்தெந்த மலை ஓரமாக இறங்குகிறது, தாங்கி எங்கே, பழுது பார்க்க ஆட்கள் எப்போதும் போய்வரலாம் என்ற நான்கும் கடிதத்தில் இருக்கணும். பிரதி ஒன்று கம்பனித் தலைமையகத்துக்குப் போனதாகக் கீழே குறிப்பும் வேண்டும். கையால் வரைந்த வரைபடம் ஒன்றைப் பின்னிணைத்து அதிலும் கையொப்பம் வாங்குங்க.

அடுத்தது ஊற்று. நீரோட்டத்தை அளக்காமல் எழுதும் விண்ணப்பம் முதல் வாசிப்பிலேயே விழும். 20 லீட்டர் வாளி, கைபேசியில் நேரம், அவ்வளவுதான் கருவி. 190 பேர், ஆளுக்கு 50 லீட்டர் என்றால் நாளுக்கு 9,500 லீட்டர் தேவை. வாளி 80 செக்கனில் நிரம்பினால் நாளுக்கு 21,600 லீட்டர், தாராளம். மூன்று நிமிடம் எடுத்தால் 9,600, மட்டுமட்டு. அதற்கு மேல் போனால் இந்த ஊற்று தாங்காது. அளப்பதைப் பெப்ரவரி, மார்ச் வரட்சியில் செய்யணும். ஜூன் மழையில் அளந்த கணக்கை மலைநாடு தெரிந்த எவரும் நம்ப மாட்டார். இப்போது மழைக்காலம் என்றால், மாசி பங்குனியில் எவ்வளவு குறையும் என்று பழைய ஆட்கள் மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்டு, இது வாய்வழித் தகவல் என்றே எழுதுங்க.

ஊற்றுக்கு மேலே தேயிலை இருக்கா? இருந்தால் உரம் கழுவி வரும். நீர் வழங்கல் சபை ஆய்வுகூடத்தில் கிருமி நீக்கிய போத்தல் வாங்கி, தண்ணீரை ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்க. இலங்கைக் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614இன்படி 100 மில்லிலீட்டரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது. நைத்திரேற்றையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்க. சோடாப் போத்தலில் பிடித்துப் போனால் வரும் முடிவுக்கு மதிப்பில்லை.

தாங்கியை லயத்துக்கு 15 மீற்றர் மேலே வையுங்க. பத்து மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. ஊற்றிலிருந்து நேரே லயத்துக்கு இறக்கினால் 6 பார் வரும், 6 பார் குழாய்க்கு அது விளிம்பு. யாராவது பைப்பைப் படாரென்று பூட்டினால் எங்காவது மூட்டு கழன்றுவிடும். நடுவில் திறந்த தாங்கி இருந்தால் மேலே 4.5, கீழே 1.5, பிரச்சினை இல்லை. 5,000 லீட்டர் தாங்கி நிரம்பினால் தண்ணீர் மட்டும் ஐந்து தொன். கான் ஓரத்துச் சரிவில் அதை வைத்து மண்ணோடு இறக்கிவிடாதீங்க. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம் என்று குறித்த இடமா என்று கிராம உத்தியோகத்தரிடம் முதலே கேளுங்க.

மேட்டுலயம்:

மிச்சம் நன்றி. மேலே தேயிலை இருக்கு, சோதிக்கத்தான் வேணும். பாதீடு பற்றி யாராவது சொல்லுங்க. கடைக்காரர் 480,000க்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்.

கணக்குப்பிள்ளை:

அந்தத் தொகையில் வற் (பெறுமதி சேர் வரி) சேர்ந்திருக்கா என்று பாருங்க. சேரவில்லை என்றால் 18 வீதம் ஏறி 566,400 ஆகும். 86,400 ரூபா துண்டு விழுந்தால் தாங்கியே இல்லாமல் போகும். கொட்டேஷன் மூன்று கடையில் வாங்கணும், மூன்றிலும் ஒரே அளவு, ஒரே தரம், ஒரே எண்ணிக்கை இருக்கணும். ஒரே கையெழுத்தில் மூன்று கடைக் கொட்டேஷன் கொடுத்தால் அங்கே இருப்பவர்களுக்குக் கண் தெரியாதா என்ன? எத்தனை நாளைக்கு அந்த விலை செல்லும் என்பதையும் எழுதி வாங்குங்க. பணம் வரும்போது மூன்று மாதம் போயிருக்கும்.

சிரமதானம் சேர்க்கலாம். 40 பேர், நான்கு நாள், 160 ஆள்நாள். உங்கள் பக்கம் உதவியாள் கூலி 2,000 என்றால் 320,000. மேசன் கூலியைப் போட்டுப் பெருக்காதீங்க, கான் வெட்டுவது உதவியாள் வேலை. நாள்வாரியாகப் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பத்தோடு பதிவேடு வைக்கணும். வேலை முடிந்த பிறகு ஒரே பேனாவில் எழுதிய பதிவேடு பார்த்ததுமே தெரியும். ட்ரக்டர்காரர் பில் தர மாட்டார், அவருக்குப் பணம் பெற்ற வவுச்சர் எழுதிக் கையொப்பம் வாங்குங்க.

டிக்கோயாத் தம்பி:

ஒன்றைச் சேர்க்கிறேன். விளைவு என்ன என்று கேட்கும் பகுதியில் ‘மக்களின் வாழ்க்கைத்தரம் உயரும்’ என்று எழுதாதீங்க. கொழுந்து பறிக்கப் போவதற்கு முன், விடிய 5 மணியிலிருந்து 6.30 வரை மூன்று நாள் பீலியடியில் நின்று, ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் காத்து நிற்கிறார், எத்தனை நடை நடக்கிறார், தூக்குவது பெண்ணா பிள்ளையா என்று குறித்து அந்த எண்ணை எழுதுங்க. வேலை முடிந்து மூன்று மாதத்தில் அதே நேரம் திரும்ப அளந்தால் அறிக்கைக்கும் அதுவே போதும்.

பராமரிப்புக்கும் கணக்குக் காட்டணும். குடும்பத்துக்கு மாதம் 100 என்றால் 4,200, வருடத்துக்கு 50,400. மிதவை வால்வு, பைப் வாஷர், வருடம் இரண்டு தடவை தாங்கி கழுவுவது எல்லாம் அதில் அடங்கும். பிரதேச சபை பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் எழுதினால் எடுபடாது. பிரதேச சபைச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு சபை தோட்டக் குடியிருப்புக்கும் செலவழிக்கலாம் என்பது உண்மை. ஆனால் சபையின் எழுத்து உறுதி கையில் இல்லாமல் அந்த வரி வெறும் ஆசைதான்.

ஊற்றுக்கண்:

தம்பி சொன்னது சரி. சந்தாவில் மட்டும் கவனம்: சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி ஒபிஸுக்குக் கொடுக்காதீங்க, வெளி வேலைக்குப் போகிற குடும்பம் விடுபட்டுப் போகும். லயத்துக்கு ஒருவர் என்று மூன்று பேர் சேர்க்கட்டும். குழாய் போடும் கான் ஒன்றரை அடி ஆழம். அதற்குக் குறைந்தால் அடுத்த முறை மலையில் முள்ளுக் குத்தும்போது (முள்ளுக் கருவியால் மண்ணைக் கிளறும்போது) குழாயில் முள் இறங்கும்.