6.5 கிரீட்மோர் பேரல் 2500 ரவுண்டில் செத்துவிடுமாம்!

தூரநோக்கி:
தூர இலக்குச் சுடுதலுக்கு முதல் ரைஃபிளாக எதை வாங்கலாம் என்று ஒரு புதியவர் கேட்டிருந்தார். அதற்கு நம் பழங்குழல் அண்ணன் கொடுத்த பதில் இது: "கிரீட்மோர் பேரல் 2500 ரவுண்டில் செத்துவிடும். .308 வாங்கு. பேச்சு முடிந்தது."

முடியவில்லை அண்ணே. அதற்காகத்தான் இந்தத் தனி இழை.

புதியவர்களுக்காக: இரண்டும் தோட்டா வகைகள், ரவுண்டு என்றால் ஒரு முறை சுடுவது. .308 வின்செஸ்டர் வந்தது 1952-இல். அன்றைக்கு அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் 6.5 கிரீட்மோரை ஹார்னடி 2007-இல் அறிமுகப்படுத்தியதே இலக்குப் போட்டிக்காரர்களை மனதில் வைத்துத்தான். நீளமான ஒல்லிக் குண்டு, சாதாரண மேகசினில் அடங்கும் தோட்டா, தோளை இடிக்காத உதை. அதன் 140 கிரெய்ன் (எடை அலகு) இஎல்டி மேட்ச் குண்டுக்கு ஜி7 எண் 0.326. குண்டு காற்றைக் கிழித்துப் போகும் திறனைக் காட்டும் எண் அது, கூடினால் நல்லது. .308-காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் சியெர்ரா 175 கிரெய்ன் மேட்ச்கிங்குக்கு 0.243 அளவில்தான். 1000 கெஜத்தில் குறுக்குக் காற்று குண்டைத் தள்ளும் தூரம் கால்வாசிக்கு மேல் குறைகிறது. காற்றைப் படிக்க இன்னும் பழகாத ஆளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பழங்குழல்:
ஜி7 பாடம் நன்றாக இருந்தது தம்பி. 2500-க்குப் பதில் எங்கே?

தூரநோக்கி:
2500 என்பது போட்டிக்காரர்கள் தங்கள் கணக்கில் சொல்வது. 2000 முதல் 3000 வரை என்பார்கள். அதற்கப்புறம் பேரல் வெடித்துச் சிதறிவிடாது. கூட்டல் (குண்டுகள் தாளில் விழும் வட்டம்) கொஞ்சம் விரியும், வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். முதல் ரைஃபிள் வாங்கும் ஒருவர் அந்த எண்ணிக்கையைத் தொடவே வருடங்கள் ஆகும்.

பழங்குழல்:
ஆக, 2500 என்று ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். நன்றி.

இப்போது ஏன் என்று சொல்கிறேன், படித்துவிட்டுப் போங்கள். கிரீட்மோருக்குள் போகும் மருந்து ஏறக்குறைய 41, 42 கிரெய்ன். .308-க்குள் போவது 43, 44. கிட்டத்தட்ட ஒரே அளவு நெருப்பு. ஆனால் ஒன்றின் குண்டு .264 அங்குலம், மற்றதன் குண்டு .308 அங்குலம். துளையின் பரப்பைப் போட்டுப் பாருங்கள், கால்வாசிக்கு மேல் சிறியது. அதே கூட்டம் சின்னக் கதவு வழியே முண்டியடித்தால் கதவு நிலை என்ன கதி ஆகும்? த்ரோட் (குண்டு துளைக்குள் நுழையும் இடம்) அரிப்பு என்பது அதுதான். .308 பேரல் சாதாரணமாக 5000 ரவுண்டைத் தாண்டும். புதியவன் நிறையச் சுட வேண்டும், சுட்டால்தான் வரும். நிறையச் சுடப்போகிறவன் கையில் சீக்கிரம் தேயும் பேரலைக் கொடுப்பவன் அவனுக்கு நண்பனா?

காற்றுமானி:
இருவருக்கும் ஒரு சின்னக் கேள்வி. "தூரம்" என்று எதைச் சொல்கிறீர்கள்? 300 மீட்டரா, 600 மீட்டரா, 1000 கெஜமா? போட்டியா, பொழுதுபோக்கா? இதைச் சொல்லாமல் தோட்டாவைப் பற்றிப் பேசி என்ன பயன்?

தூரநோக்கி:
கதவு உதாரணம் அருமை அண்ணே. ஆனால் கூட்டம் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகிறது என்று சொல்லவில்லையே? பேரலைத் தின்பது சூடு. நிறுத்தி நிதானமாகச் சுடுபவனின் பேரலும், போட்டியில் ஒன்றரை நிமிடத்தில் பத்தைத் தள்ளுபவனின் பேரலும் ஒன்றா? அந்த 2500 இரண்டாமவனின் கணக்கு.

பழங்குழல்:
மறுபடியும் 2500. நீங்களே சொல்கிறீர்கள், நான் சொல்லவில்லை.

காற்றுமானி, தூரம் என்றால் தூரம். எல்லாருக்கும் தெரியும்.

சின்னவிரல்:
யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். முதல் ரைஃபிள் .22 லாங் ரைஃபிள். நல்ல கனமான பேரல், நல்ல ட்ரிக்கர், ஒரு பைபாட் (முன்பக்கம் தாங்கும் இரட்டைக் கால்). 1887-இல் வந்த தோட்டா இது, உங்கள் இரண்டுக்கும் தாத்தா. ஒலி வேகத்துக்குக் கீழே போகும் 40 கிரெய்ன் குண்டை 200 கெஜத்தில் சுட்டுப் பாருங்கள். காற்று அதைக் கோணக் கணக்கில் தள்ளும் அளவு, .308-ஐ 700, 800 கெஜத்தில் தள்ளுவதற்குக் கிட்டே வரும். உதை இல்லை, கண் சிமிட்டும் பழக்கம் ஒட்டாது. ஸ்கோப் டயல் திருப்பவும் காற்றைப் படிக்கவும் இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

செங்கோணம்:
தூரச் சுடுதலைப் பற்றிப் பேசும் இடத்தில் .22! அடுத்து உண்டிவில் வருமா?

சின்னவிரல்:
செங்கோணம் ஐயா, ஒரு எம்.ஓ.ஏ. (ஸ்கோப்பைத் திருத்தும் கோண அலகு) என்றால் 100 மீட்டரில் சரியாக ஓர் அங்குலம் என்று மில் (இன்னொரு கோண அலகு) ஸ்கோப் இழையில் எழுதியவர் நீங்கள்தானே? உங்களிடம் உண்டிவில்லைப் பற்றியே கேட்கலாம்.

செங்கோணம்:
100 கெஜத்தில் 1.047 அங்குலம். 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர். எனக்குத் தெரியும். அன்று அவசரத்தில் தட்டினேன். பழைய குப்பையைக் கிளறுவதே சிலருக்கு வேலை.

பழங்குழல்:
.22 பேரல் எத்தனை ஆயிரம் ரவுண்டு தாங்கும் என்று தூரநோக்கியிடம் கேளுங்கள். பல பத்தாயிரம் போகும். இங்கே ஆயுளைப் பற்றி வாயே திறக்காதது கிரீட்மோர் கட்சி ஒன்றுதான்.

தூரநோக்கி:
வாயைத் திறந்து மூன்று முறை சொல்லிவிட்டேன், படிக்கவில்லை.

வேறு ஒன்று கேட்கிறேன். உதையைப் பற்றி ஏன் பேச மறுக்கிறீர்கள்? ஒரே எடை ரைஃபிளில் கிரீட்மோரின் உதை .308-ஐவிடக் கால்வாசியாவது குறைவு. அதனால் என்ன லாபம்? தோள் வலி குறைவது சின்ன விஷயம். சுட்டபின் ஸ்கோப் இலக்கை விட்டு எகிறாது. குண்டு எங்கே விழுந்தது என்று நாமே பார்க்கலாம், அடுத்ததைத் திருத்தலாம். தனியாகப் பழகும் ஆளுக்கு இதுதான் பாதிப் பாடம். பக்கத்தில் டெலிஸ்கோப் வைத்துக்கொண்டு "இடது, இன்னும் இடது" என்று சொல்ல எல்லாருக்கும் ஆள் கிடைக்காது.

பழங்குழல்:
உதை பிடிக்காதவன் மசில் பிரேக் (உதையைக் குறைக்கும் குழல் முனைக் கருவி) போடட்டும். பேரல் தேய்ந்தவன் என்ன போடுவான்?

தூரநோக்கி:
புதுப் பேரல் போடுவான்! பேரல் நட் வைத்த ஆக்‌ஷன் என்றால் ஹெட்ஸ்பேஸ் கேஜ் (தோட்டா உட்காரும் இடைவெளியைச் சரிபார்க்கும் அளவி) இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம். பேரல் டயர் மாதிரி தேய்கிற பொருள் என்பதை ஒத்துக்கொள்ள உங்களுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்?

பழங்குழல்:
முதல் ரைஃபிள் வாங்குகிறவனிடம் ஹெட்ஸ்பேஸ் கேஜ் இருக்குமாம். கேட்டுக்கொள்ளுங்கள் மக்களே.

பைபாட்பிரியன்:
எஃப்-டிஆர் என்ற தூரப் போட்டி வகுப்பில் அனுமதி இரண்டே தோட்டாவுக்குத்தான். .308, அப்புறம் .223. கிரீட்மோரைத் தூக்கிக்கொண்டு போனால் எஃப்-ஓப்பன் என்ற இன்னொரு வகுப்பில் நிற்க வேண்டும். அங்கே 10 கிலோ வரை எடையுள்ள பெரிய பீரங்கிகளோடு மோத வேண்டும். புதியவர் இதையும் யோசிக்கட்டும். .223-ஐயும் லேசாக எடை போடாதீர்கள். 1:8 ட்விஸ்ட் (குழல் துளையின் முறுக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று), 77 முதல் 80 கிரெய்ன் குண்டு என்றால் 600 கெஜம் வரை அழகாகப் போகும். 1:12 ட்விஸ்ட் வாங்கினால் மட்டும் அந்த நீளக் குண்டு நிலைக்காது, தாளில் சாவித்துவாரம் மாதிரி பக்கவாட்டில் குத்தும்.

பழங்குழல்:
கேட்டீர்களா? விதிப் புத்தகமே .308 என்கிறது.

பைபாட்பிரியன்:
விதிப் புத்தகம் .223-ஐயும் சொல்கிறது. நான் .223 பற்றித்தான் பாதி எழுதினேன்.

பழங்குழல்:
.308 என்று சொன்னீர்களா இல்லையா?

தூரநோக்கி:
போட்டி வகுப்பு விதியைப் போட்டிக்கே போகாத ஆளுக்குக் காட்டுவது நல்ல தமாஷ். இருக்கட்டும். .308-ஐ இவ்வளவு தூக்கிப் பிடிக்கும் அண்ணன், போன மாதம் அதே .308-இல் 168 கிரெய்ன் மேட்ச்கிங்கை 1000 கெஜத்துக்குப் பரிந்துரைத்தார். அந்தக் குண்டை வடித்தது 300 மீட்டர் போட்டிக்கு. அதன் வால் கோணம் 13 டிகிரி. ஒலி வேகத்தை நெருங்கி இறங்கும்போது தள்ளாட ஆரம்பிக்கும். 175 கிரெய்ன் பிரபலமானதே அந்தத் தொல்லை இல்லை என்பதால்தான். இதைக்கூடச் சொல்லாதவர் பேரல் ஆயுளைப் பற்றி வகுப்பெடுக்கிறார்.

பழங்குழல்:
168 போதும் என்றது 600 கெஜத்துக்கு.

தூரநோக்கி:
1000 என்று எழுதினீர்கள். பிறகு திருத்தியிருக்கிறீர்கள். திருத்திய அடையாளம் கீழே அப்படியே இருக்கிறது.

பழங்குழல்:
எழுத்துப்பிழையைத் திருத்தினேன். நீங்கள் 2500-ஐத் திருத்த முடியுமா?

புதுமுகம்:
வணக்கம். முதலில் கேட்டவன் நான்தான். இத்தனை பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. நான் பழகப்போகும் தளத்தில் அதிகபட்சத் தூரம் 300 மீட்டர். இன்னும் ஒன்று, நான் இடது கைக்காரன். அதற்கு ஏதாவது பார்த்து வாங்க வேண்டுமா?

பழங்குழல்:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம்.

காற்றுமானி:
300 மீட்டரா! இதைத்தானே ஆரம்பத்திலேயே கேட்டேன். 300-இல் .308, கிரீட்மோர், .223 மூன்றுமே தாராளம். காற்று வித்தியாசம் சில சென்டிமீட்டர் கணக்கு. புதுமுகம், நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. போல்ட் (தோட்டாவை ஏற்ற இழுக்கும் கைப்பிடி) இடது பக்கம் உள்ள மாடல் இருக்கிறதா, ஸ்டாக் உங்கள் தோளுக்கும் கன்னத்துக்கும் பொருந்துகிறதா, கன்னக்கட்டை ஏறி இறங்குமா, ட்ரிக்கரை இழுக்கும்போது இழுவை இல்லாமல் சுத்தமாக உடைகிறதா, ஸ்கோப்பில் பேரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வது போலத் தெரிவது) திருத்தம் இருக்கிறதா. ரைஃபிளில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு ஸ்கோப்பில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். அப்புறம்...

தூரநோக்கி:
இன்று 300 மீட்டர், நாளை 1000 கெஜம். ஆசை வளராதா? வளர்ந்த பிறகு மறுபடி ஒரு ரைஃபிளா? அதனால்தான் கிரீட்மோர் என்கிறேன்.

பழங்குழல்:
ஆசை வளர்வதற்குள் பேரல் போய்விடும். 2500.

சின்னவிரல்:
300 மீட்டர் என்றால் .22-இல் தொடங்க இன்னும் நல்ல காரணம். 100, 150, 200 என்று ஏறலாம். ஒருவரும் கண்டுகொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.

செங்கோணம்:
கண்டுகொண்டோம். சிரித்துவிட்டுப் போனோம்.

தூரநோக்கி:
பழங்குழல் அண்ணே, நேராகவே கேட்கிறேன். உங்கள் கிரீட்மோர் பேரல் செத்தது என்று அடிக்கடி சொல்கிறீர்களே, போர்ஸ்கோப் (குழலுக்குள் பார்க்கும் கருவி) விட்டுப் பார்த்தீர்களா? சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) முடிகிற இடத்தில் கெட்டியாக ஒரு கார்பன் வளையம் படியும். அது சேர்ந்தால் அழுத்தம் ஏறும், வேகம் தாறுமாறாகும், கூட்டல் விரியும். பார்ப்பவனுக்குப் பேரல் செத்தது போலவே தெரியும். கார்பன் கரைப்பான் ஊற்றி ஊறவைத்துத் தேய்த்தால் பல "பிணங்கள்" எழுந்து உட்காரும்.

பழங்குழல்:
நான் பேரலைச் சுத்தம் செய்வதில்லை என்கிறீர்களா?

தூரநோக்கி:
நான் சொல்லவில்லை. பேரல் சொல்கிறது.

பழங்குழல்:
நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே நான் ராடு பிடித்தவன். வெண்கல பிரஷ், போர் கைடு, சேம்பர் பக்கமிருந்து மட்டும் நுழைப்பது, மசிலில் (குழல் முனையில்) பிரஷ்ஷை நடுவழியில் திருப்பாமல் முழுசாக வெளியே எடுப்பது, எல்லாம் எனக்குத் தெரியும். போர்ஸ்கோப்பும் விட்டேன். த்ரோட்டிலிருந்து வலைப்பின்னலாக வெடிப்பு ஓடியிருந்தது. அது கார்பன் இல்லை.

தூரநோக்கி:
வெடிப்பு சில நூறு ரவுண்டிலேயே தெரிய ஆரம்பிக்கும், .308-இலும்தான். வெடிப்பைப் பார்த்துப் பேரலை எறிபவன் போர்ஸ்கோப்பை எறிவது உத்தமம். கூட்டல்தான் கணக்கு. படம் இருந்தால் போடுங்கள்.

பழங்குழல்:
படம் கேட்பவர் முதலில் தன் த்ரோட் எவ்வளவு முன்னே நகர்ந்திருக்கிறது என்று அளந்து போடட்டும். குண்டு லேண்ட்ஸைத் (துளையின் முறுக்கு வரிகளை) தொடும் நீளம், புதிதில் எவ்வளவு, இப்போது எவ்வளவு. அளக்கத் தெரியும்தானே?

தூரநோக்கி:
நகர்ந்தால் குண்டை அதற்கேற்பக் கொஞ்சம் வெளியே இருத்திக்கொள்வேன். ரீலோடிங் (தோட்டாவை நாமே நிரப்பிக்கொள்வது) என்று ஒன்று இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள்.

பழங்குழல்:
ஹெட்ஸ்பேஸ் கேஜ் வாங்கிய புதியவன் இப்போது ரீலோடிங் பிரஸ்ஸும் வாங்கிவிட்டான். அடுத்தது லேத் மெஷினா? நம்பர் போடச் சொன்னேன், பாடம் வருகிறது. நம்பர் வரும்வரை என் பதில் ஒன்றே. 2500.

பைபாட்பிரியன்:
எறிபவன் போர்ஸ்கோப்பை எனக்கு எறியட்டும், என்னிடம் இல்லை.

புதுமுகம்:
இடது கை போல்ட் பற்றி...

செங்கோணம்:
வலது கை போல்ட்டே போதும் தம்பி. பைபாட்டில் வைத்துச் சுடும்போது இடது கை ட்ரிக்கரில் இருக்கும், வலது கையால் போல்ட்டை இழுக்கலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஸ்கோப்பை மட்டும் எம்.ஓ.ஏ.-வில் வாங்குங்கள்.

சின்னவிரல்:
எந்த எம்.ஓ.ஏ. ஐயா? 1.047-ஆ, அவசரத்தில் தட்டியதா? தம்பி, மில் வாங்குங்கள். 100 மீட்டரில் ஒரு மில் 10 சென்டிமீட்டர், ஒரு கிளிக் ஒரு சென்டிமீட்டர். கணக்கு வாயிலேயே வரும்.

செங்கோணம்:
கிளிக் 0.1 மில் என்றால்தான் அது ஒரு சென்டிமீட்டர். அதைச் சொல்லாமல் விட்டது யார் அவசரம்? கால் எம்.ஓ.ஏ. கிளிக் அதைவிட நுணுக்கமானது. அந்த இழையில் நான் எழுதியதை முழுசாக ஒட்டுங்கள் பார்க்கலாம், பாதியை மட்டும் வெட்டி ஒட்டாமல்.