கல்லில் முட்டினால் ஜாயின்ட் கழல்கிறது, முன்சக்கரம் தூக்குகிறது: நான்கு சக்கர இயக்கத்தில் உதவி தேவை

கேள்வி

வணக்கம் நண்பர்களே. லெகோ டெக்னிக் துண்டுகளைக் கொண்டு, நான்கு சக்கரங்களும் உந்தும் கரடுமுரடான தரைக்கான வண்டி ஒன்றைச் சொந்தமாக வடிவமைத்துக் கட்டி வருகிறேன். எடை 1.8 கிலோ, டயர் விட்டம் 81.6 மி.மீ. நடுவில் ஒரு எக்ஸ்எல் மோட்டார் (லெகோவின் பெரிய மோட்டார்), அதை ஒட்டியே 8 பல் கியரும் 24 பல் கியரும். அங்கிருந்து முன்னும் பின்னும் ஷாஃப்ட் போகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட் (ஷாஃப்ட் வளைந்தாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு), கடைசியில் 12 பல் கியர் 28 பல் டிஃபரென்ஷியலை (ஒரே அச்சின் இரு சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுதி) சுற்றுகிறது. மொத்த வேகக் குறைப்பு 7 மடங்கு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே நடு டிஃபரென்ஷியல் வைக்கவில்லை. இரண்டு அச்சுகளும் பந்து மூட்டில் தொங்கி, பக்கவாட்டில் ஊசலாடும்.

வீட்டுத் தரையில் அருமையாக ஓடுகிறது. வாசலில் கொட்டியிருக்கும் ஜல்லிக் குவியலில் ஏற்றினால்தான் தொல்லை. முன்சக்கரங்கள் பெரிய கல்லில் முட்டி நின்றதும் டிஃபரென்ஷியல் பக்கம் ‘டக் டக்’ என்று பல் தாண்டுகிறது. சில நேரம் யுனிவர்சல் ஜாயின்ட்டின் கவை விரிந்து, நடுத்துண்டு வெளியே வந்துவிடுகிறது. அதே நொடியில் முன் அச்சு சாய்ந்து ஒரு சக்கரம் மேலே தூக்குகிறது. முன்னால் போகும்போது எப்போதும் வலப்பக்கம்தான், பின்னால் எடுத்தால் இடப்பக்கம். ஸ்பிரிங்குகளை இடம் மாற்றிப் பார்த்தும் வேறுபாடில்லை. இன்னொரு மோட்டார் சேர்க்கலாமா?

பதில் 1

முதலில் நடு டிஃபரென்ஷியல் வையுங்கள். வளைவில் முன் அச்சும் பின் அச்சும் வேறு வேறு தூரம் ஓடும். இரண்டையும் நேராகக் கட்டிப்போட்டால் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

பதில் 2

வழவழப்பான தரையில் அந்த முறுக்கம் உண்மைதான். ஆனால் ஜல்லியில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதை விடுவித்துவிடும். நடு டிஃபரென்ஷியல் வைத்தால், ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றதும் மோட்டாரின் சுழற்சி முழுவதும் அந்தச் சக்கரத்துக்கே ஓடிவிடும், மற்ற மூன்றும் சும்மா நிற்கும். கல் ஏறும் வண்டிக்கு அது வேண்டாம்.

மோட்டாரும் சேர்க்க வேண்டாம் தம்பி. சேர்த்தால் ஜாயின்ட் இன்னும் சீக்கிரம் போகும். உங்கள் குறைப்பு விகிதம் நன்றாகவே இருக்கிறது, குறைப்பு இருக்கும் இடம்தான் தவறு.

கணக்கைப் பாருங்கள். 30 பாகைச் சரிவில் 1.8 கிலோ வண்டியை இழுக்கச் சக்கரங்களில் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 36 நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்குவிசை போதும். உராய்வைத் தனியே வைத்தால், 7 மடங்கு குறைப்பில் மோட்டார் தர வேண்டியது 5 மட்டுமே. ஆகவே சரிவு உங்கள் ஜாயின்ட்டை உடைக்கவில்லை. சக்கரம் முட்டி மோட்டார் நின்றுபோகும் அந்த நொடிதான் உடைக்கிறது. எக்ஸ்எல் மோட்டார் 9 வோல்ட்டில் நின்றுபோகும்போது ஏறத்தாழ 40 தரும். மோட்டார் பக்கத்திலேயே 3 மடங்கு பெருக்கிவிட்டீர்கள், ஆகவே ஷாஃப்ட்டில் 120. முட்டிக்கொண்ட அச்சுக்கே அது முழுவதும் போகும். அந்தச் சின்னக் கவை எப்படித் தாங்கும்?

அதே 8-க்கு 24 ஜோடியை மோட்டார் பக்கமிருந்து கழற்றி, சக்கரத்துக்குப் பக்கத்தில் போர்ட்டலாகக் கட்டுங்கள், அதாவது அச்சு சக்கர மையத்துக்கு மேலே ஓடி, கியர் வழியே கீழே இறங்கிச் சக்கரத்தைச் சுற்றும் அமைப்பாக. மொத்தக் குறைப்பு அதே 7, வேகமும் அதேதான். ஷாஃப்ட்டில் மட்டும் 120 போய் 40 ஆகிவிடும். டிஃபரென்ஷியலின் பற்களுக்கும், முன்சக்கரம் திரும்புமிடத்து ஜாயின்ட்டுக்கும் அதே மூன்றில் ஒரு பங்குதான்.

சக்கரம் தூக்குவதும் இதே நோய்தான். சுழலும் ஷாஃப்ட் கியரைத் திருப்புவதோடு, ஊசலாடும் அச்சையும் தன்னோடு சேர்த்து உருட்டப் பார்க்கிறது. பின்னால் எடுத்தால் பக்கம் மாறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுதான் சாட்சி. ஸ்பிரிங் காரணமாக இருந்தால் பக்கம் மாறாது. ஷாஃப்ட்டின் முறுக்குவிசை குறைந்தால் இந்தச் சாய்வும் அடங்கும்.

கேட்டவர்

மிக்க நன்றி அண்ணா. இரண்டு கோளாறுக்கும் ஒரே காரணம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பின் அச்சில் மட்டும் முதலில் போர்ட்டல் கட்டிச் சோதிக்கலாமா? முன் அச்சில் ஸ்டீயரிங் இருப்பதால் நேரம் பிடிக்கும்.

பதில் 2

கூடாது. விகிதம் மாறிவிடும் என்பது ஒருபுறம். 8-ம் 24-ம் நேராகக் கோக்கும்போது சுழலும் திசையும் தலைகீழாகும். பின்சக்கரம் பின்னாலும் முன்சக்கரம் முன்னாலும் இழுத்தால் வண்டி தன்னோடு தானே சண்டை போடும். இரண்டிலும் சேர்த்தே கட்டுங்கள், பிறகு வண்டி தலைகீழாக ஓடினால் மோட்டாரின் திசையை மாற்றினால் போதும்.

கட்டும்போது டிஃபரென்ஷியல்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கவனியுங்கள். ஷாஃப்ட் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே ஓடுவதால், முன் டிஃபரென்ஷியலின் பல்வளையம் ஷாஃப்ட்டுக்கு இடப்பக்கம் இருந்தால் பின்னது வலப்பக்கம் இருக்க வேண்டும்.

பதில் 3

பல் தாண்டுவதற்கு இன்னொரு வைத்தியமும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஃபரென்ஷியலை 5×7 சட்டத்துக்குள் அடைத்து, 12 பல் கியரின் அச்சையும் அதே சட்டத்திலேயே தாங்குங்கள். தனித்தனிக் கைகளில் பிடித்தால் சுமை வரும்போது கைகள் விலகும், பல் தாண்டும். அதற்காகப் புஷ்களை (அச்சு நகராமல் பிடிக்கும் சின்ன வளையங்கள்) இறுக்கிவிட வேண்டாம். மோட்டாரைக் கழற்றிவிட்டு ஷாஃப்ட்டை விரலால் சுற்றினால் தடையில்லாமல் ஓட வேண்டும்.

போர்ட்டலால் இன்னொரு லாபமும் உண்டு. 8 பல், 24 பல் கியர்களின் மையங்களுக்கு இடையே 16 மி.மீ., அதாவது இரண்டு துளை. சிறியதைப் பெரியதற்கு நேர் மேலே வைத்தால் அச்சின் அடிவயிறு அவ்வளவு உயரும். உனிமாக் லாரிகள் போர்ட்டல் அச்சில் ஓடுவதும் தரையிலிருந்து அந்த உயரம் கிடைப்பதற்காகத்தான். 2011-ல் வந்த லெகோ உனிமாக் யு400 பெட்டியிலும் போர்ட்டல் அச்சு உண்டு.

கையில் காசு இருந்தால் 2019-ல் 42099 லெகோ பெட்டியோடு வந்த கோள் கியர் ஹப் (கியர்களை உள்ளேயே அடக்கிய சக்கர மையத் துண்டு) இன்னும் நல்லது. ஹப்புக்குள்ளேயே 5.4 மடங்கு குறைப்பு இருக்கிறது. உங்கள் 12-க்கு 28-ஐயும் சேர்த்தால் 12.6. எக்ஸ்எல் மோட்டாருக்கு அது ரொம்ப மெதுவாக இருக்கும், ஆகவே அதைவிடச் சிறிய, வேகமான எல் மோட்டார் போடுங்கள். சுமையில்லாமல் நிமிடத்துக்கு 390 சுற்று ஓடுவது, சக்கரத்தில் 31 ஆகும். இப்போது உங்கள் எக்ஸ்எல் 220-ஐ 7-ஆல் வகுத்துத் தரும் வேகமும் அதேதான். ஆனால் எல் மோட்டார் நின்றுபோனாலும் ஷாஃப்ட்டில் 18-க்கு மேல் ஏறாது.

கேட்டவர்

போர்ட்டலையே கட்டிவிட்டேன், இரண்டு அச்சிலும். 5×7 சட்டமும் வைத்தாயிற்று. அதே ஜல்லிக் குவியலில், அதே பெரிய கல்லில் முட்டவிட்டேன். மோட்டார் முனகி நிற்கிறது, ஜாயின்ட் அசையவில்லை, பல் தாண்டும் சத்தமும் இல்லை. முன் அச்சு லேசாகத்தான் சாய்கிறது, சக்கரம் தரையை விடவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. பள்ளத்தில் ஒரு பின்சக்கரம் தொங்கினால் பின் அச்சில் அது மட்டும் சுற்றுகிறது. பின் டிஃபரென்ஷியலை எடுத்துவிட்டு 20 பல் கியர் போடட்டுமா?

பதில் 2

எடுத்துவிடலாம், ஆனால் 20 பல் போடக் கூடாது. முன்னால் 12-க்கு 28, பின்னால் 12-க்கு 20 என்றால் இரண்டு அச்சும் வேறு வேறு வேகத்தில் ஓடப் பார்க்கும். 28 பல்லிலேயே சாதாரணச் சாய்வுக் கியர் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். முன் டிஃபரென்ஷியலைத் தொட வேண்டாம், அதையும் எடுத்து இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டினால் வண்டி திரும்ப மறுக்கும். பின்னால் பூட்டியதற்கே திரும்பும் வட்டம் கொஞ்சம் பெரிதாகும். அதை வீட்டுத் தரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஜல்லியில் ஓட்டிப் பாருங்கள்.